பனிக்காலக் குடிபெயர்வு

பறவைகள் பருவத்துக்கு ஏற்ப இடம்பெயர்ந்து வாழ்வதை நீங்கள் பாடநூல்களில் படித்திருப்பீர்கள். வட ஆசியாவில் பனி உறையத் தொடங்கியதும் அங்குள்ள நீர்ப்பறவைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து நம் கோடியக்கரைக்கும் பழவேற்காட்டு ஏரிக்கும் வந்து சேர்கின்றன; இங்கே வெயில் முற்றியதும் வந்த வழியே மீள்கின்றன. சத்திமுற்றப் புலவர் தூது விட்ட நாரையும் தன் துணையோடு தென்குமரியில் நீராடிவிட்டு வடக்கே திரும்புகிற நாரைதான். மதுரையில் போர்த்திக்கொள்ளத் துணியின்றி வாடையில் நடுங்கிய ஏழைப் புலவர், இடம் மாறி வாழத் தெரிந்த பறவையைப் பார்த்துத் தம் துன்பத்தைச் சொன்னார் என்பது அப்பாடலில் என் நெஞ்சை எப்போதும் தொடும் செய்தி.

மனிதரிலும் இத்தகைய பறவைகள் உண்டு. அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் கனடாவிலும் வாழும் முதியோர் பலர், பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், குளிர்காலம் வந்ததும் புளோரிடா, அரிசோனா, டெக்சாஸ் போன்ற தென் மாநிலங்களுக்கு இறங்கிவிடுகின்றனர். வசந்தத்தில் ஊர் திரும்புகின்றனர். அவர்களை அந்நாட்டார் 'பனிப்பறவைகள்' என்றே அழைக்கின்றனர். அவர்களுள் ஒரு சாரார் படுக்கை, அடுப்பு, குளியலறை ஆகியவை அமைந்த பெரிய வண்டியிலேயே கணவனும் மனைவியுமாகப் பயணம் செய்து, கடற்கரையை அடுத்த வண்டித் திடல்களில் மாதக்கணக்கில் தங்குவர். ஆண்டுதோறும் அதே திடல், அதே அண்டை வீட்டார், மாலையில் அதே சீட்டாட்டம். கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தார் அரசு மருத்துவக் காப்பீட்டை இழவாமல் இருக்க வேண்டுமானால், பொதுவாக 12 மாதங்களில் 212 நாள்களுக்கு மேல் வெளியே தங்கலாகாது. முதியோர் இடம்பெயர்வது, அரசு நாள் கணக்கிட்டு விதி வகுக்கும் அளவுக்கு அங்கே பெருவழக்கு.

நம் நாட்டில் 'கேரவன்' என்றால் திரைப்பட நடிகர் ஓய்வெடுக்கும் வண்டி என்றே பலரும் பொருள் கொள்வர். கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாத் திட்டம் ஒன்றை அறிவித்தது. 2022இல் வாகமன் மலையில் அதற்கென ஒரு பூங்காவும் திறக்கப்பட்டது. அவை இரண்டொரு நாள் உல்லாசத்துக்கானவை. ஓய்வூதியத்தில் வாழும் ஒரு தமிழ்க் கிழவரும் அவர் மனைவியும் குளிர்காலத்தைக் கடற்கரையில் கழிப்பது இயலுமா என்பது வேறு கேள்வி. சேர்வராயன் மலையில், ஏற்காட்டில் வாழும் நாங்கள் ஐந்து குடும்பத்தார் சில ஆண்டுகளாக அதனைச் செய்து வருகிறோம். ஆகவே இதுபற்றிக் கேள்விப்பட்டதை அன்றிக் கண்டதையே கூற முடியும்.

ஏற்காட்டின் வரலாறு மேலே ஏறியவர்களின் வரலாறு. 1820களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்ன் என்பவர் இம்மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார் என்பர். அவருக்குப்பின் தோட்ட முதலாளிகளும், பாதிரிமார்களும், சமவெளியின் வெயிலைத் தாங்காத அதிகாரிகளும் குதிரையிலும் பல்லக்கிலும் ஏறி வந்தனர். 1864 முதல் இந்திய அரசாங்கமே கோடையில் சிம்லாவுக்கு ஏறியது. சென்னை அரசாங்கம் உதகைக்கு ஏறியது. கோப்புகளும் எழுத்தர்களும் மூட்டை முடிச்சுகளோடு அதிகாரத்தைப் பின்தொடர்ந்து மலை ஏறினர். அவர்களுக்கு முன்பே இம்மலையில் வாழ்ந்துவரும் மலையாளிப் பழங்குடியினர்கூடத் தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்றே மரபுக் கதை கூறுகின்றனர். இவ்வாறு ஏறியவர்களைப் பற்றி நூல்கள் பல உண்டு. பனிக்காலத்தில் இறங்குகிற முதியவர்களைப் பற்றி எவரும் எழுதியதாகத் தெரியவில்லை. அதிகாரம் ஏறினால் வரலாறு. மூட்டுவலி இறங்கினால் வீட்டுச் செய்தி!

இறங்குவது ஏன்? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,515 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேலம் நகரம் 278 மீட்டர் உயரத்தில். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக ஆறரைப் பாகை செல்சியசு குறையும் என்பது உங்கள் புவியியல் பாடம். அப்படியானால் முப்பது கிலோமீட்டர் சாலைப் பயணத்தில் எட்டுப் பாகை குறைகிறது. மார்கழி இரவுகளில் எங்கள் வெப்பமானி 12, 13 என்று காட்டும். வட நாட்டுக் குளிரோடு ஒப்பிட்டால் இது ஒரு பொருட்டன்று. இளைஞர்களாகிய உங்களுக்கு இன்பமாகவே இருக்கும். ஆனால் முதுமையில் தோலுக்கு அடியில் உள்ள கொழுப்புப் படலம் மெலிகிறது. தசை குறைகிறது. நடுங்கியேனும் வெப்பத்தை உண்டாக்கிக்கொள்ளும் ஆற்றல் தளர்கிறது. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால் இரத்த அழுத்தம் உயர்கிறது. மூச்சிரைப்பு நோய் உள்ளவர்களுக்குக் குளிர்ந்த காற்றே மூச்சுக் குழாயை இறுக்கும் கயிறு.

கடலோரத்தின் இயல்பு இதற்கு நேர்மாறானது. நீர் மெல்லச் சூடாகும், மெல்லக் குளிரும். மண்ணைவிடப் பல மடங்கு வெப்பத்தை உள்வாங்கி வைத்திருக்கும் கடல், இரவெல்லாம் கரைக்கு அதனை ஈந்துகொண்டிருக்கும். கடலூரில் தை மாத இரவில்கூட வெப்பநிலை பெரும்பாலும் 20 பாகை அளவில்தான் நிற்கும். முதிய உடலுக்கு இந்த ஏழெட்டுப் பாகை வேற்றுமை பெரிது.

ஆயினும் குளிர் ஒன்றே காரணம் என்றால் நான் பாதி உண்மையைத்தான் கூறியவனாவேன். எங்களுக்கு அருகில் உள்ள மலைச் சிற்றூரில் என்னினும் மூத்த மலையாளிப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவர் எந்தப் பனிக்காலத்திலும் மலை இறங்கியதில்லை. அவர் வீட்டில் நடுவே அடுப்பு எரிகிறது. கேழ்வரகுக் களி வேகிறது. அதைச் சுற்றி மூன்று தலைமுறையினர் அமர்ந்திருக்கின்றனர். எங்கள் வீடுகளோ பெரியவை; ஆள் இல்லாதவை. பிள்ளைகள் பெங்களூரிலும் கடல் கடந்தும் இருக்கின்றனர். மே மாதத்தில் ஏற்காட்டில் நடக்க இடம் இராது. உறவினர் எல்லாரும் நம்மை நினைத்துக்கொள்ளும் மாதம் அது. மார்கழியில் நாலரை மணிக்கே மூடுபனி இறங்கி ஏரியை மறைத்துவிடும். கதவைச் சாத்திக்கொண்டு கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நாற்பது ஆண்டு பேசித் தீர்ந்தவர்களுக்கு அது நீண்ட மாலை. ஆளில்லாத அறையில் வெப்பமானி காட்டாத குளிர் ஒன்று உண்டு.

எங்கள் நண்பர் ஒருவர், மத்திய அரசுப் பணியில் இருந்தவர், சிறிய காப்பித் தோட்டம் உடையவர். அவருடைய மனைவிக்கு மூச்சிரைப்பு நோய். ஒரு பனிக்காலத்தில் நள்ளிரவில் மூச்சுத் திணறிய அந்த அம்மையாரை மலைப்பாதையில் சேலத்துக்குக் கொண்டு இறங்கினார்கள். சேலம் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உண்டு; ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை நிற்கும். அன்றிரவு தம் வாழ்நாளில் முதன்முறையாக அந்த எண்களை ஒவ்வொன்றாக எண்ணியதாக நண்பர் கூறினார். அம்மையார் பிழைத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு நண்பர் பழைய வேன் ஒன்றை வாங்கினார்.

அந்த வேனை வண்டிவீடாக மாற்றியது ஒரு கதை. நினைத்தபடி பலகை அடித்துக் கட்டில் போட்டுவிட முடியாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் கண்டதற்கு மாறாக வண்டியின் அமைப்பை மாற்றலாகாது என்கிறது. முறையான ஒப்புதல் பெற்ற பின்பே இரண்டு கட்டில்களும், ஓர் எரிவாயு அடுப்பும், மூச்சுக் கருவிக்கான மின்கலமும், தண்ணீர்த் தொட்டியும் உள்ளே ஏறின. இருநூறு லிட்டர்த் தொட்டி. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே நிரம்பிய தொட்டி இருநூறு கிலோ அலைகிற சுமை. வளைவுகளில் அது வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். எனவே மலையில் தொட்டி வெறுமையாக இறங்கும், அடிவாரத்தில்தான் நிரப்பப்படும். எந்தக் கியரில் ஏறுகிறோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்பது மலையோட்டிகளின் விதி; பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிக் கைவிடும். 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி 55 வயது கடந்தவருக்கு ஓட்டுநர் உரிமம் ஐந்து ஐந்து ஆண்டுகளாகவே புதுப்பிக்கப்படுகிறது. நண்பர் ஓட்டுவார், மலைப்பகுதியில் மட்டும் இளைஞர் ஒருவரைக் கூலிக்கு அமர்த்திக்கொள்வார். இதில் அவருக்கு நாணம் எதுவும் இல்லை.

இன்னொரு நண்பரும் பின்னர் இத்தகைய வண்டி ஒன்று செய்துகொண்டார். மற்ற மூன்று குடும்பத்தாருக்கும் வண்டிவீடு கட்டுப்படியாகாது. நானும் என் மனைவியும் பேருந்தில் இறங்கி, அவர்கள் வண்டி நிறுத்தும் தென்னந்தோப்பை ஒட்டிய ஓட்டு வீட்டில் வாடகைக்குத் தங்குகிறோம். தலைமையாசிரியர் ஓய்வூதியத்துக்கு அது போதும்.

புறப்படும் நாளை முடிவு செய்வதில் மலைக்கும் கடலுக்கும் ஓர் உடன்பாடு இருக்கிறது. காப்பிப் பழம் கார்த்திகையிலிருந்து பழுக்கத் தொடங்கும். எல்லாப் பழமும் ஒருசேரப் பழுக்காததால் அதே செடியை மூன்று நான்கு முறை பறிக்க வேண்டும். பறிப்பு ஓயும்வரை தோட்டம் உடையவர் நகர இயலாது. கடலோரமும் அக்காலத்தில் முதியோரை அழைப்பதில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றின் ஆட்சி. 2011 டிசம்பர் 30ஆம் நாள் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது பண்ணுருட்டிப் பக்கத்துப் பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் வேரோடு சாய்ந்தன. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை புயலன்று, எந்தப் பருவத்திலும் வரக்கூடியது. ஆனால் தேவனாம்பட்டினத்து மீனவர்களுக்கு அந்த நாளைச் சொன்னாலே முகம் மாறுகிறது. அவர்கள் சொல்லித்தான் நாங்கள் மணலில் வண்டியை நிறுத்துவதில்லை. கரையிலிருந்து விலகி, மேட்டில் நிறுத்துகிறோம். மார்கழியின் கடுங்குளிரைச் சேலத்தில் உறவினர் வீடுகளில் கழித்துவிட்டு, பொங்கல் முடிந்து ஒரு வாரத்தில் ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்ப்பேட்டை வழியாக ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர் சென்று கடலூர் சேர்கிறோம்.

அங்கே என்ன செய்வீர்கள் என்று என் பழைய மாணவர்கள் கேட்பதுண்டு. விடியலில் நடை. மீன் படகுகள் கரை சேரும் காட்சி. பகலில் வாசிப்பு; பிற்பகலில் உறக்கம். மாலையில் கூட்டாஞ்சோறு. ஒவ்வொரு வீட்டாரும் ஒரு பண்டம் செய்து கொண்டுவந்து ஒரே பாயில் வைத்து உண்பது. சிறுவயதில் மணலில் விளையாடியதை எழுபதை நெருங்கும்போது மெய்யாகவே செய்கிறோம். அமெரிக்க வண்டித் திடல்களிலும் இதே வழக்கம் உண்டென்று அங்கு வாழும் என் மாணவர் ஒருவர் எழுதினார். செலவுக்குப் பொதுக் குறிப்பேடு ஒன்று உண்டு. மருந்துகளுக்கு இன்னொன்று: யாருக்கு என்ன மாத்திரை, எந்த நேரம், அருகில் உள்ள மருத்துவமனை எது, யாருடைய பிள்ளைக்கு முதலில் தொலைபேசியில் தெரிவிக்க வேண்டும் என்று எல்லாரும் படிக்கும்படி பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறோம். மத்திய அரசு ஓய்வூதியர் தரவேண்டிய உயிர்வாழ் சான்றை 2014 முதல் கைரேகை வைத்து மின்வழியே அனுப்ப முடிகிறது. அதனால் அதற்காக ஊரில் கட்டுண்டு கிடக்க வேண்டியதில்லை.

பூசல்களும் உண்டு. கடற்காற்றின் உப்பு வண்டியின் இரும்பைத் தின்னும்; வாரம் ஒரு முறை நன்னீரால் கழுவ வேண்டும்; தோப்பில் தண்ணீருக்குப் பஞ்சம். யார் வண்டிக்கு எத்தனை குடம் என்பதில் ஒரு முறை இரண்டு நாள் பேச்சு நின்றது. மூன்றாம் நாள் பெண்டிர் ஒன்றுகூடி ஆளுக்கு நான்கு குடம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டனர். ஆண்கள் நால்வர் ஒரு குழாயின் அடியில் வரிசையில் நின்றதைப் பார்த்துத் தோப்புக்காரர் சிரித்தார்.

மாசி மகம்தான் எங்கள் பனிக்காலத்தின் சிகரம். அன்று சுற்று வட்டாரக் கோயில்களிலிருந்து தெய்வத் திருமேனிகளை எல்லாம் தீர்த்தவாரிக்காகத் தேவனாம்பட்டினக் கடற்கரைக்கு எழுந்தருளச் செய்வர். திருமுட்டத்துப் பூவராகப் பெருமாளோ வழியில் ஊர்தோறும் தங்கித் தங்கிக் கிள்ளைக் கடற்கரைக்குச் செல்கிறார். கிள்ளையில் உள்ள தர்காவில் இசுலாமியப் பெருமக்கள் அவரை மாலையிட்டு வரவேற்பது நெடுங்கால வழக்கம். ஆண்டுக்கு ஒரு முறை கடற்கரைக்கு வந்து, உற்றாரைக் கண்டு, நீராடித் திரும்புவது தெய்வங்களுக்கே வழக்கமாக இருக்கும் நாட்டில் கிழவர்கள் போவதில் என்ன வியப்பு! அந்த வாரத்தில்தான் எங்கள் பிள்ளைகளும் பேரக்குழந்தைகளும் வருகின்றனர். மலைக்கு மே மாதம் வருபவர்கள் மலையைப் பார்க்க வருகிறார்கள். கடலுக்கு மாசியில் வருபவர்கள் எங்களைப் பார்க்க வருகிறார்கள். சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் சனிக்கிழமை புறப்பட்டு ஞாயிறு திரும்பிவிட முடிகிறது. மலைக்கு அப்படி வர இயலாது. இதனை நாங்கள் முதலில் எதிர்பார்க்கவே இல்லை.

எல்லாப் பிள்ளைகளும் இதற்கு இசைந்தவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். மூச்சிரைப்பு அம்மையாரின் மகன் வெளிநாட்டில் பொறியாளர். "இந்த வயதில் நாடோடிகளைப்போல் வண்டியில் ஏன் அலைய வேண்டும்? நகரத்தில் நல்ல அடுக்ககம் வாங்கித் தருகிறேன், மின்தூக்கி உண்டு, காவலாளி உண்டு, மருத்துவமனை பக்கத்தில் உண்டு" என்பது அவர் கட்சி. அது அன்பில் பிறந்த கட்சி, காரணமும் உள்ளது. வண்டியில் நள்ளிரவில் மூச்சு அடைத்தால் என்ன செய்வது என்று அவர் கேட்பதற்கு எங்களிடம் முழுமையான விடை இல்லை. எங்கள் மருந்துக் குறிப்பேடு பாதி விடை. அவருடைய தாய் கூறியதை மட்டும் இங்கே சொல்லுகிறேன்: "அடுக்ககத்தில் எனக்கு மூச்சு வரும், தம்பி, பேச்சு வராது." தாயும் மகனும் இன்னும் உடன்படவில்லை. மகன் நாள்தோறும் மாலை ஏழு மணிக்குத் தொலைபேசியில் அழைக்கிறார். அம்மா அப்போது பாயில் எல்லாருக்கும் நடுவே இருக்கிறார்.

தொல்காப்பியம் கற்பியலில் இல்வாழ்வின் கடைப்பகுதியைப் பற்றி ஒரு நூற்பா உண்டு. மக்களோடும் அறம் விரும்பும் சுற்றத்தோடும் கூடி, தலைவனும் தலைவியும் சிறந்தவற்றைப் பயில்வதே அவர்கள் வாழ்ந்த வாழ்வின் பயன் என்பது அதன் கருத்து. மக்கள் உண்டு, சுற்றம் உண்டு, பயிற்சி உண்டு. எந்த ஊரில் என்று மட்டும் அவர் குறிக்கவில்லை. கல்லூரி மாணவர்கள் உரைகளை வைத்துக்கொண்டு இதைப் பயில்வது நன்று; தேர்வில் வராவிட்டாலும் வீட்டில் பயன்படும்.

சென்ற ஆடி மாதத்தில் எங்கள் ஐவருள் ஒருவர் காலமானார். பொதுச் செலவுக் குறிப்பேட்டை எழுதி வந்தவர் அவரே. அணாக் கணக்கில் வளர்ந்த தலைமுறையின் கடைசி ஆள். பத்துக் காசு இடித்தாலும் உறங்கமாட்டார். அவருடைய மனைவியாரைத் தம்முடன் அழைத்துச் செல்ல மகள் வந்திருந்தார். நாங்கள் எதுவும் சொல்லவில்லை. சொல்ல எங்களுக்கு உரிமையும் இல்லை. இணையர் கூட்டத்தில் தனித்து வருவது அந்த அம்மையாருக்கு இன்பமா துன்பமா என்பதும் எங்களுக்கு விளங்கவில்லை. மார்கழி தொடக்கத்தில் அவர்களே என் மனைவியிடம் வந்து, "என் வீட்டுக்காரர் பங்கு வாடகை எவ்வளவு?" என்று கேட்டார்கள். ஒருவருக்குப் பாதி என்றாள் என் மனைவி. "பாதி கொடுத்தால் பாதி வீடுதான் கிடைக்கும், முழுப் பங்கும் கொடுக்கிறேன், மகள் வந்தால் தங்க வேண்டாமா?" என்றார்கள்.

தையில் எங்களோடு அவர்களும் இறங்கினார்கள். மகள் மாசி மகத்துக்கு வந்து நான்கு நாள் தங்கினார். குறிப்பேடு இப்போது அம்மையாரிடம் இருக்கிறது. பழைய கையெழுத்து முடிந்த பக்கத்தின் கீழே ஒரு கோடு கிழித்து, அடுத்த வரியிலேயே தேங்காய் இரண்டு, உப்பு ஒரு பொட்டலம் என்று அவர்களுடைய எழுத்துத் தொடங்குகிறது. கூட்டல் இதுவரை ஒரு முறைகூடப் பிசகவில்லை.